முன்சீப் வேதநாயகர் கற்பிக்கும் நன்மரணப் பாடம்



நவம்பர் மாதம் மரித்த விசுவாசிகளுக்காகத் திருச்சபை விசேஷமாய் மன்றாடும் மாதம். 2-ந் தேதி சகல ஆத்துமாக்கள் திருநாளன்று கல்லறைத் தோட்டத்துப் புல்லைச் செதுக்கி, சுண்ணாம்பு பூசி, செவ்வந்திப் பூவும் மெழுகுவர்த்தியும் வைத்து, சுவாமியார் வந்து தீர்த்தம் தெளிக்கும்வரை காத்து நிற்பது நம் குடும்பங்களின் வழக்கம். கோவைச் சுங்கத்துக் கல்லறையிலும் சரி, கருமத்தம்பட்டி போன்ற பழைய பங்குகளின் கல்லறைகளிலும் சரி, அன்றைக்குப் பணக்காரர் ஏழை என்ற வித்தியாசம் சற்றே மறந்துபோகிறது. அப்படிப்பட்ட இடத்தில் நின்று மனிதன் என்ன நினைக்க வேண்டும் என்பதே இவ்வாரப் பாடம்.

ஆங்கிலம் படித்தவர்களுக்கு இந்தப் பொருளைப் பற்றிய ஒரு பாட்டு உடனே ஞாபகம் வரும். தாமஸ் கிரே என்ற கவி, நாட்டுப்புறக் கோயிலின் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துப் பாடிய இரங்கற்பா அது. 1751-ம் ஆண்டில் அச்சேறியது. கிரே 1716-ல் லண்டனில் பிறந்தவர். அவருடைய பெற்றோருக்குப் பிறந்த பன்னிரண்டு பிள்ளைகளில் குழந்தைப் பருவத்தைத் தாண்டிப் பிழைத்தவர் அவர் ஒருவரே. சாவு அவருக்குப் புத்தகத்தில் படித்த விஷயமன்று. ஏர் உழுத ஏழைகளின் மேடுகளைப் பார்த்து, இவர்களுக்குள் எத்தனை அறிஞரும் வீரரும் வெளிப்படாமலே புதைந்தார்களோ என்று அவர் ஏங்கினார். சலவைக்கல் மண்டபம் கட்டினாலும் போன மூச்சு திரும்பாது என்றும் எண்ணினார். 1771-ல் அவர் இறந்தபோது, ஸ்டோக் போஜஸ் என்னும் கிராமத்தில், தம் தாயாரை அடக்கம் செய்த கல்லறையிலேயே அவரையும் அடக்கம் செய்தார்கள்.

கிரேயின் பாட்டு நம் மனத்தை இளக்குகிறது. ஆனால் மனம் இளகியவன் வீட்டுக்குத் திரும்பி என்ன செய்ய வேண்டும்? அதைச் சொல்ல நமக்கு வேறொரு கவி இருக்கிறார். அவர் தமிழர், கத்தோலிக்கர். எல்லாவற்றுக்கும் மேலாக அவர் ஒரு நீதிபதி. மாயூரம் வேதநாயகம் பிள்ளை என்ற பெயரைக் கேளாத தமிழர் சிலரே. ஆயினும் அவர் நம் வேதத்தைச் சேர்ந்தவர் என்பதை நம் பிள்ளைகளிலே அநேகர் அறியார்.

யார் இந்த வேதநாயகர்?

திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் 1826-ம் ஆண்டு அக்டோபர் 11-ந் தேதி, சவரிமுத்துப் பிள்ளைக்கும் ஆரோக்கிய மரியம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார். தமிழும் ஆங்கிலமும் கற்று, திருச்சிக் கோர்ட்டில் பதிவேடுகளைக் காக்கும் வேலையில் அமர்ந்து, பின் மொழிபெயர்ப்பாளராகி, 1857-ல் தரங்கம்பாடியில் முன்சீப் ஆனார். சீர்காழியிலும் மாயூரத்திலும் அதே பதவியில் இருந்து 1872-ல் ஓய்வு பெற்றார். முன்சீப் வேலையை ஏற்ற இரண்டாம் ஆண்டிலேயே, அதாவது 1859-ல், ‘நீதிநூல்’ வெளிவந்தது. 1862-ல், சதர் கோர்ட்டுத் தீர்ப்புகளைத் தமிழில் திரட்டி ‘சித்தாந்த சங்கிரகம்’ என்று வெளியிட்டார். ஆங்கிலம் அறியாத குடியானவனும் தனக்குரிய சட்டத்தைத் தானே தெரிந்துகொள்ளட்டும் என்பது அந்த நூலின் பயன். தமிழின் முதல் நாவலாகிய ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879-ல் அவர் தந்ததே. சர்வ சமயத்தாரும் சேர்ந்து பாடத்தக்க அவருடைய கீர்த்தனைகளைச் சங்கீத வித்துவான்கள் இன்றும் பாடுகிறார்கள். 1889-ம் ஆண்டு ஜூலை 21-ந் தேதி அவர் காலமானார்.

இந்தச் சரித்திரத்திலே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முன்சீப் கோர்ட்டுக்கு வருபவை சிவில் வழக்குகள். நிலம், வரப்பு, கடன், பாகப்பிரிவினை ஆகிய இவையே அங்கு விசாரணைக்கு வரும். ஒரு மனிதன் செத்தபின் வீட்டில் என்ன நடக்கிறது என்பதைச் சுவாமியாருக்கு அடுத்தபடியாக அறிகிறவர் முன்சீப்தான். சுவாமியார் துக்க வீட்டின் முதல் மூன்று நாளைப் பார்க்கிறார். முன்சீப் அதற்கடுத்த பத்து வருஷத்தைப் பார்க்கிறார். தகப்பன் சவப்பெட்டியின் மேல் விழுந்து அழுத அண்ணனும் தம்பியும், கிணற்றுப் பங்குக்காக வாதியும் பிரதிவாதியுமாக அவர் முன்னே நிற்கிறார்கள். எப்போதோ வாங்கிய கைமாற்றை இல்லையென்று சத்தியம் செய்கிறார்கள். இப்படிப்பட்ட காட்சிகளின் நடுவே உட்கார்ந்திருந்த ஒருவர் நீதிநூல் பாடினார் என்றால், அதை ஓய்வு நேரத்துப் பொழுதுபோக்கு என்று நாம் தள்ளிவிடக் கூடாது. மனிதர்கள் சாகுமுன் செய்யாமல் விட்டவற்றின் பட்டியலை அவர் தினந்தோறும் கண்டார். அவற்றை உயிரோடிருக்கும்போதே செய்யுங்கள் என்று சொல்ல வந்தார். அவரிடமிருந்து நாம் கற்கத்தக்க பாடங்கள் நான்கு.

1. புண்ணியம் வேலை செய்யுமிடத்தில் தொடங்குகிறது

நீதிநூலில் கடவுளைப் பற்றியும் பெற்றோரைப் பற்றியும் பாடிய அதே கவி, பொய், களவு, மது, சூது, பொறாமை இவற்றோடு கைக்கூலியைக் கண்டித்தும் தனி அதிகாரம் வகுத்தார். கைக்கூலி என்பது லஞ்சம். சர்க்கார் உத்தியோகத்தில் இருந்துகொண்டே சர்க்கார் உத்தியோகஸ்தரின் நோயைப் பெயர் சொல்லிக் கண்டிப்பதற்கு நெஞ்சுரம் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் முழந்தாட்படியிட்டு, திங்கட்கிழமை தராசில் விரல் வைக்கிறவன் தன் ஆத்துமத்தை இரண்டாகப் பிளக்கிறான். நம் ஊர் தொழில் ஊர். தறி வைத்திருப்போர், பனியன் கம்பெனிக்கு வேலை எடுத்துச் செய்வோர், பட்டறை நடத்துவோர், கடை வைத்திருப்போர், தோட்டத்துக்குக் கூலியாள் விடுவோர் என்று நம் பங்கில் பலர் உண்டு. சனிக்கிழமை கொடுக்க வேண்டிய வாரக் கூலியைப் பிடித்து வைப்பதும், சரக்கில் எண்ணிக்கை குறைப்பதும், ஆபீசில் ஒரு தாள் நகர்வதற்குக் கைநீட்டுவதும், நாம் சாகும்போது நம்மோடு வரும் கணக்குகள். கூலிக்காரனுக்குச் சேரவேண்டிய கூலியை நிறுத்தி வைப்பது வானத்தை நோக்கிக் கூக்குரலிடும் பாவங்களில் ஒன்று என்று ஞானோபதேசத்தில் படித்தோம் அன்றோ?

2. பெற்றோருக்குச் செய்வது அவர்கள் மூச்சிருக்கும்போதே

அன்னை தந்தையரை வணங்குதலைப் பற்றியும் நீதிநூலில் ஓர் அதிகாரம் உண்டு. கத்தோலிக்கருக்கு அது நாலாங் கற்பனை. கொங்கு நாட்டில் ஒரு பெரியவர் காலமானால் ஊரும் உறவும் திரண்டு வரும். பந்தல் போடுவோம், பாண்டு வைப்போம், ஏழாம் நாள், முப்பதாம் நாள், ஆண்டுப் பூசை எல்லாம் குறைவின்றி நடத்துவோம். இவை நல்லவைதாம். மரித்தோருக்காகப் பூசை ஒப்புக்கொடுப்பது பரிசுத்தமான கடமை. ஆனால், அந்தப் பெரியவர் கடைசி மூன்று வருஷம் சாளையின் பின்கட்டில் தனியே படுத்து, பேச்சுத் துணைக்கு ஏங்கினார் என்றால், பந்தலுக்குச் செலவான பணம் அவருக்கு என்ன ஆறுதல் தந்தது?

தொலைவில் வேலையாய் இருக்கும் பிள்ளைகளே, நீங்கள் அனுப்பும் பணம் மருந்துக்கு ஆகும். உங்கள் குரல் அவர்களுக்கு ஆகாரம். அருகில் இருக்கும் பிள்ளைகளே, உங்கள் தாயாருக்குக் கண் மங்கும் முன்னே அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு செபமாலை சொல்லுங்கள். நோய் கடுமையானால் கடைசி நிமிஷம்வரை காத்திராமல், அறிவு தெளிவாய் இருக்கும்போதே சுவாமியாரை அழையுங்கள். நம் பெரியவர்கள் அவஸ்தைப்பூசுதல் என்று சொன்ன நோயிற்பூசுதல், நோயாளிக்குத் திடமும் ஆறுதலும் தரும் தேவதிரவிய அநுமானம். சுவாமியாரைக் கண்டால் நோயாளி பயப்படுவார் என்று தள்ளிப்போடுகிறவர்கள், அந்த ஆறுதலை அவரிடமிருந்து பறிக்கிறார்கள்.

3. பெண்மக்களுக்கு நியாயம்

நூற்றறுபது வருஷங்களுக்கு முன்பே, மாதரைப் படிப்பித்தல் என்று நீதிநூலில் ஓர் அதிகாரம் பாடினார் வேதநாயகர். 1869-ல் ‘பெண்மதி மாலை’ என்ற நூலையும் வெளியிட்டார். பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்று படித்தவர்களே கேட்ட காலம் அது. இன்று நம் பெண்பிள்ளைகள் படிக்கிறார்கள், வேலைக்கும் போகிறார்கள். சொத்துப் பேச்சு வரும்போது மட்டும் பழைய காலம் திரும்பி வந்துவிடுகிறது. “கல்யாணத்துக்குச் சீர் செய்தாயிற்று, இனி அவளுக்கு என்ன பாத்தியம்?” என்று கேட்கிறோம்.

சட்டம் என்ன சொல்லுகிறது என்பதை முன்சீப்பின் மாணவர்களாகிய நாம் அறிந்திருப்பது நல்லது. 1925-ம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, நம் நாட்டுக் கிறிஸ்தவர் ஒருவர் உயில் எழுதாமல் மனைவி மக்களை விட்டு இறந்தால், சொத்தில் மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கு. மற்ற இரண்டு பங்கும் பிள்ளைகளுக்குச் சமமாகச் சேரும். இதில் மகன் மகள் என்ற பேதம் இல்லை. தகப்பனார் உயிரோடிருக்கையில் ஒரு பிள்ளைக்கு முன்கூட்டிக் கொடுத்ததை அந்தப் பங்கிலே கழிக்கவும் சட்டம் இடம் தரவில்லை. உயில் எழுத விரும்புகிறவர் அதை எழுத்தில் வைத்துக் கையெழுத்திட வேண்டும். குறைந்தது இரண்டு சாட்சிகள் வேண்டும். சாட்சிக் கையெழுத்துப் போடுகிறவருக்கோ அவருடைய கணவர் அல்லது மனைவிக்கோ அதே உயிலில் எழுதிய சொத்து அவர்களைச் சேராது.

ஞானப் பத்திரிகையில் இதெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். தெளிவான புத்தியோடும் நடுநிலையோடும் எழுதி வைத்த உயில் ஒன்று, ஒரு வீட்டில் பத்து வருஷப் பகையைத் தடுக்கும். சகோதரர் பேசாதிருக்கும் பாவத்தை முன்கூட்டியே தடுப்பது தர்மம் அல்லவா? தன் மகளுக்கு அநியாயம் செய்து எழுதிய உயிலோ, செத்தபின்னும் பாவம் செய்துகொண்டே இருக்கிறது.

4. கொடுப்பது, கொடுக்க முடிகிறபோதே

1876 முதல் 1878 வரை சென்னை ராஜதானியைப் பிடித்து ஆட்டிய பெரும் பஞ்சத்தைத் தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டன்மார் சொல்லக் கேட்டிருக்கிறோம். கோயமுத்தூர், சேலம் ஜில்லாக்கள் அதில் கொடுமையாக அடிபட்டன. 1871-ம் வருஷத்துக் குடிமதிப்பைக் காட்டிலும் 1881-ம் வருஷத்துக் குடிமதிப்பில் கோயமுத்தூர் ஜில்லாவின் ஜனத்தொகை குறைந்துபோயிற்று என்றால், எத்தனை வீடுகளில் விளக்கு அணைந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

மாயூரத்தில் வேதநாயகர் அப்போது உத்தியோகத்தில் இல்லை. மாதச் சம்பளம் நின்றுபோயிற்று. எனினும் பசித்து வந்தவர்களுக்குத் தம் கைப்பொருளைச் செலவழித்துக் கஞ்சி வார்த்தார். பஞ்சம் தீர வேண்டுமென்று ஆண்டவரை நோக்கி முறையிட்டுக் கீர்த்தனைகள் பாடினார். சைவ மடமாகிய திருவாவடுதுறை ஆதீனத்தின் சுப்பிரமணிய தேசிகர் ஏழைகளுக்கு உதவியபோது, வேதம் வேறாயிற்றே என்று பாராமல் அவரைப் புகழ்ந்து செய்யுள் இயற்றினார். வேதநாயகருடைய கொடையைக் கண்ட கோபாலகிருஷ்ண பாரதியாரோ வேதநாயகர் மேலேயே கீர்த்தனை பாடினார். நந்தனார் சரித்திரம் பாடிய சிவபக்தர், கத்தோலிக்கர் ஒருவரைப் பாடினார் என்பது நாம் கூச்சத்தோடு நினைக்க வேண்டிய பெருமை. அயலார் நம் வேதத்தை நம் நடத்தையில்தான் வாசிக்கிறார்கள்.

தமக்குப்பின் தர்மம் செய்யும்படி எழுதிவைத்துப் போகிறவர்கள் உண்டு. அதுவும் நல்லதே. ஆனால் சாவு எப்படியும் பிடுங்கிக்கொள்ளப் போவதைக் கொடுப்பதற்கும், நம் பசிக்கு வைத்திருப்பதைக் கொடுப்பதற்கும் வித்தியாசம் இல்லையா? களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த ஐசுவரியவானை அந்த இரவே ஆண்டவர் கணக்குக் கேட்டதாகச் சேசுநாதர் சுவாமி சொன்ன உவமையை நாம் அறிவோம். அவன் பிறர் பொருளைத் திருடியதாக அந்த உவமையில் இல்லை. நாளைக்கு என்று சேர்த்து வைத்தான், அவ்வளவுதான்.

ஓர் ஆட்சேபணை

“சாகும் நேரத்தில் மனந்திரும்பினாலும் மோட்சம் கிடைக்குமே, சிலுவையில் தொங்கிய நல்ல கள்ளனுக்குக் கிடைக்கவில்லையா?” என்று சிலர் கேட்பார்கள். கிடைத்தது உண்மை. சர்வேசுரனுடைய இரக்கத்துக்கு எல்லை கட்ட நாம் யார்? ஆயினும் இரண்டு காரியங்களை யோசியுங்கள்.

நல்ல கள்ளன் சேசுநாதரை அன்றுதான் சந்தித்தான் என்றே சுவிசேஷத்தில் தெரிகிறது. சந்தித்தவுடன் மனந்திரும்பினான். நாமோ ஞானஸ்நானம் பெற்ற நாள் முதல் அவரைச் சந்தித்துக்கொண்டே, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறோம். அவன் தாமதிக்கவில்லை. தாமதிப்பதற்கு அவனைச் சாட்சியாக அழைப்பது நியாயமா?

இரண்டாவது, பாவசங்கீர்த்தனம் பாவத்தைப் போக்கும். ஆனால் நகர்த்தி நட்ட எல்லைக்கல் தானாகத் திரும்பிப் போகாது. எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கும் கடமை பாக்கி நிற்கிறது. மரணப் படுக்கையில் இருப்பவன் எப்படி எழுந்துபோய்க் கல்லைப் பிடுங்குவான்? யாரிடம் சொல்லி அனுப்புவான்? அந்த வரப்பினால் லாபம் அடையும் அவனுடைய மகனிடமா? சக்கேயு என்னும் வரி வசூலிப்பவன் ஆண்டவரை வீட்டில் வைத்துக்கொண்டு, பாதிச் சொத்தை ஏழைகளுக்கும், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகவும் கொடுக்க எழுந்து நின்று வாக்களித்தான். அவன் கையும் காலும் நன்றாய் இருந்தன. பெட்டிச் சாவியும் அவனிடம் இருந்தது. இரட்சணியம் அவன் வீட்டுக்கு அன்றைக்கே வந்தது.

மரணத்தை நினைத்தால் வாழ்க்கையில் சந்தோஷம் போய்விடும் என்று பயப்பட வேண்டாம். கடன் இல்லாதவன் வாசலில் யார் கூப்பிட்டாலும் திடுக்கிடுவதில்லை. பத்து வருஷமாய்ப் பேசாத தம்பியோடு சமாதானமானவன் அன்று இரவு நன்றாய்த் தூங்குகிறான். நன்மரணத்தின் பாதுகாவலராகிய சூசையப்பரை நாம் வேண்டிக்கொள்வதும் இந்தச் சமாதானத்துக்காகத்தான்.

குடும்பச் செபத்துக்குப்பின் யோசிக்க

இந்த வாரத்தில் ஓர் இரவு, செபமாலை முடிந்தபின் விளக்கை அணைக்குமுன், வீட்டில் உள்ள பெரியவர்கள் கீழ்க்கண்ட கேள்விகளைத் தங்களுக்குள் கேட்டுக்கொள்வார்களாக. பதிலைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. செய்கையில் காட்டினால் போதும்.

1. நான் யாருக்காவது கூலியோ, கடனோ, வாங்கிய பொருளோ பாக்கி வைத்திருக்கிறேனா? எந்தத் தேதிக்குள் கொடுப்பேன்?

2. என் கூடப் பிறந்தவர்களில் யாரோடு பேச்சு நின்றிருக்கிறது? முதலில் போய்ப் பேசுவதற்கு எனக்கு என்ன தடை? பீடத்தண்டை காணிக்கையை வைத்துவிட்டு, முதலில் சகோதரனோடு சமாதானமாகும்படி ஆண்டவர் கற்பித்தது எனக்கும் சேர்த்துத்தானே?

3. நான் இன்று இறந்தால், என் சொத்து என் மனைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும் நியாயமாய்ச் சேருமா, அல்லது வழக்காய்ச் சேருமா?

4. என் பெற்றோரில் உயிரோடிருப்பவரோடு இந்த வாரம் எத்தனை நாழிகை உட்கார்ந்திருந்தேன்?

இந்த நாலில் ஒன்றுக்காவது பதில் நெஞ்சைக் குத்தினால், அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற மூன்றும் அடுத்த வாரத்துக்கு இருக்கட்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வருமுன் அந்த ஒரு காரியத்தைச் செய்து முடியுங்கள். தம்பியின் வீட்டுக்குப் போவதானால், அவருக்குப் பிடித்த பலகாரம் கொஞ்சம் கையில் கொண்டுபோங்கள். பேச்சைத் தொடங்க அது உதவும்.